இவர் கையில் ஜீ.பி.எஸ்., என் பையில் புட்டு

கிளிநொச்சியில் பஸ்ஸால் இறங்கியதும் இவர் செய்த முதல் வேலை வானத்தை அண்ணாந்து பார்த்தது. மழை வருமா என்று பார்க்கவில்லை. ஆனி மாதத்தில் வன்னிக்கு வந்து மழை தேடுகிற அளவுக்கு இவருக்கு இன்னும் விசர் முற்றவில்லை. சட்டலைட் தேடினார். சனிக்கிழமை காலை ஏழரை மணி. வீதிக்கரையில் உள்ளங்கை அளவான ஒரு கருவியை மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரை, ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் மின்கம்பத்தைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. பெயர் ஞானசேகரம். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. எழுதக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம் இருக்கிறது. தினமும் நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னதால் எங்கள் ஊர் கோண்டாவிலின் சின்னச் சின்ன ஒழுங்கைகளில் இரண்டு பேரும் நடந்தோம். ஒழுங்கை நாய்கள் எல்லாம் எங்களுக்குப் பழக்கமாகிவிட்ட நேரத்தில், கனடாவிலிருந்து வந்த இவருடைய தமையனின் மகன் இந்தக் கருவியைக் கொடுத்துவிட்டுப் போனான். அங்கே வெள்ளைக்காரர் இதைக் கையில் பிடித்துக்கொண்டு காடு மேடெல்லாம் பொழுதுபோக்காக நடப்பார்களாம். அன்றிலிருந்து எங்கள் நடை ஒழுங்கையை விட்டு வெளியே போய்விட்டது. மாதத்தில் ஒருமுறையாவது எங்காவது பஸ்ஸில் போய் இறங்கி நடக்கிறோம்.

கருவியைப் பற்றி, தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். கையடக்கத் தொலைபேசி இருக்க இது எதற்கு என்று நானும் கேட்டேன். தொலைபேசிக்குக் கோபுரம் வேண்டும். இதற்குத் திறந்த வானம் போதும். இரண்டு சின்னப் பற்றரியில் ஒரு பகல் முழுவதும் ஓடும். நடந்த வழியை ஒரு கோடாகக் கீறிக்கொண்டே வரும். புறப்பட்ட இடத்திலோ போகவேண்டிய இடத்திலோ ஒரு புள்ளி குத்திவிட்டால், எங்கே போனாலும் அந்தப் புள்ளியை ஓர் அம்புக்குறி காட்டிக்கொண்டிருக்கும். இதன் பெரிய குறை, அம்புக்குறி பறவைக்குத்தான் வழி சொல்லும். இடையில் வேலி இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்ற கவலை அதற்குக் கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி அறுபத்தைந்து கிலோமீற்றர். பஸ் காசு ஒருவருக்கு முந்நூற்றுச் சொச்சம். அங்கிருந்து அக்கராயன் வழியாக ஸ்கந்தபுரத்துக்குப் போகும் பஸ்ஸில் நூற்றைம்பது ரூபாப்படி ரிக்கற் எடுத்தோம். என் பையில் வாழையிலையில் சுற்றிய இரண்டு பார்சல் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, தண்ணீர்ப் போத்தல், இவருடைய குளிசைப் பெட்டி. காலைக் குளிசையை பஸ்ஸிலேயே போட்டுக்கொண்டார். அந்தக் குளிசைக்கு ஒரு குணம் உண்டு. போட்டபின் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சீனி கிடுகிடுவென்று இறங்கும். ஒருமுறை வங்கி வரிசையில் நின்றபடியே சரிந்து விழுந்திருக்கிறார்.

இந்த முறை இவருக்கு ஒரு குளத்தில் ஆசை. கருவியின் வரைபடத்தில் ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் பச்சையாகக் கிடந்த காட்டின் ஓரத்தில் ஒரு சின்ன நீலப் பொட்டு இருந்தது. அதைப் பார்க்கவேண்டும் என்று இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் நாங்கள் போன ஊரின் பெயரையோ தூரத்தையோ நான் எழுதப்போவதில்லை. காரணம் போகப்போக விளங்கும்.

ஒன்பது மணிக்கு வாய்க்கால் றோட்டில் நடக்கத் தொடங்கினோம். இரண்டு பக்கமும் சிறுபோக வயல் பச்சையாக நின்றது. வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடியது. நல்ல காற்று. நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் வன்னியில் ஒருவரையும் நிம்மதியாக நடக்க விடமாட்டார்கள். முதல் கிலோமீற்றர் முடியும் முன்னே மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றன. "ஏன் நடக்கிறியள்? பஸ்ஸை விட்டிட்டியளே? ஏறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்." சும்மா நடக்கிறோம் என்று சொன்னால் நம்பவில்லை. சும்மா நடக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குப் புதினமாக இருந்தது. மூன்றாவது ஆள் இவரின் கையைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. "நீங்கள் எந்தக் கந்தோர்?" என்று கேட்டார். "ஒரு கந்தோரும் இல்லைத் தம்பி, பென்சன்காரன்" என்றார் இவர். அந்த ஆள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெயிலுக்குள் நின்று கதைக்க விருப்பமில்லையாக்கும் என்று நான் நினைத்தேன்.

வயல் முடிந்து மேட்டுக்காணி தொடங்கும் இடத்தில் ஒரு மதகு இருந்தது. அங்கே என் குதிக்கால் என்னைக் கைவிட்டது. புதுச் சப்பாத்து கடித்துக் கொப்புளம் போட்டிருந்தது. மருதமர நிழலில் மதகின் கட்டின்மேல் உட்கார்ந்து காலை நீட்டினேன். இவரோ அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு கயிற்றில் கட்டிய கன்று மாதிரி நின்றார்.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்றேன்.

"நீர் இரும். நான் குளக்கட்டு மட்டும் போய்ப் பாத்திட்டு அரை மணித்தியாலத்தில வாறன். வந்து ரெண்டு பேருமாச் சாப்பிடுவம்."

"இந்த மெஷினைப் பாத்துக்கொண்டு ஆரின்ரயும் வேலிக்கு மேலால ஏறாதேங்கோ. ஆரையும் கண்டால் வாயைத் திறந்து வழி கேளுங்கோ. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்."

இது நான் ஒவ்வொரு பயணத்திலும் படிக்கிற தேவாரம். ஒரு நாளும் இவர் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலமானது. இவர் சொல்லுகிற அரை மணித்தியாலம் எப்போதுமே கொஞ்சம் நீளம் என்பதால் முதலில் எனக்குக் கவலையில்லை. ஒன்றரை மணித்தியாலமானபோது தொலைபேசியில் எடுத்துப் பார்த்தேன். தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். பதினொன்றரை தாண்டியது. பையை மடியில் வைத்திருந்தேன். புட்டின் சூடு ஆறிப்போனதை என் கை உணர்ந்தபோதுதான் கணக்குப் பார்த்தேன். குளிசை அவர் வயிற்றில். சாப்பாடு என் பையில்.

சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். வளைவு திரும்பியதும் ஒரு தகரக் கூரை வீடு. முன்னால் கச்சான் என்கிற நிலக்கடலைத் தோட்டம். அதற்கப்பால் யானைக்கு இழுத்த கம்பி வேலி. அதற்கப்பால் காடு. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் துவாய் கட்டிக்கொண்டு கச்சானுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"தங்கச்சி, தொப்பி போட்ட ஒரு மனிசன், கையில சின்ன மெஷினோட, இதால போனவரே?"

அவர் நிமிர்ந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இல்லையே. இந்தப் பக்கம் ஒருத்தரும் வரேல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்து மண்ணை அணைத்தார். வீட்டு வாசல் மணலில் இவருடைய சப்பாத்துத் தடம் கிடந்தது. கருவியோடு வந்த கனடாச் சப்பாத்து, அடியில் நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"பொய் சொல்லாதேங்கோ தங்கச்சி. அவர் சீனி வருத்தக்காரன். காலமை குளிசை போட்டவர். இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை. இஞ்ச பாருங்கோ, சாப்பாடு என்னட்டைக் கிடக்குது" என்று பையைத் திறந்து வாழையிலைப் பார்சல்களை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஒரு பார்சல் கட்டு அவிழ்ந்து கொஞ்சப் புட்டு கச்சான் செடிமேல் கொட்டியது.

பாக்கியம் புட்டைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். கொப்புளத்தைப் பார்த்தார். கையிலிருந்த மண்வெட்டி கீழே விழுந்தது.

"அக்கா, நீங்க அளக்க வந்த ஆக்கள் இல்லையா?"

"என்னத்தை அளக்க?"

"ஐயோ, அளக்கிறவன் பொஞ்சாதியையும் சோத்துப் பார்சலையும் கூட்டிக்கிட்டு வரமாட்டானே! அக்கா, நான்தான் அவரைப் பிழையான பாதையில அனுப்பிப்போட்டன்."

பாக்கியத்தின் தாய் தகப்பன் மலையகத் தோட்டத்தில் இருந்து, எழுபதுகளின் கலவரத்தில் அடிபட்டு, வன்னிக்கு வந்து காடு வெட்டிக் காணி ஆக்கியவர்கள். பாக்கியம் இங்கேயே பிறந்தவர். பேச்சு வன்னிப் பேச்சுதான். பதறினால் மலையகம் எட்டிப்பார்க்கும். பதறிப் பதறி அவர் சொன்னதன் சுருக்கம் இது. போன வருடம் இதே மாதிரிக் கருவியோடு தொப்பி போட்ட இரண்டு பேர் வந்து குளத்துக்கு வழி கேட்டார்கள். பாக்கியம் குடிக்கத் தண்ணீரும் கொடுத்து வழியும் காட்டினார். அவர்கள் தோட்டத்தைச் சுற்றி நடந்து கருவியில் எதையோ பதிந்துகொண்டு போனார்கள். சில மாதம் கழித்து எல்லைக் கல்லு வந்தது. கச்சான் தோட்டத்தில் பாதி கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எந்தத் திணைக்களம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கருவியோடு வந்து குளத்துக்கு வழி கேட்பவர்களை விறகுப் பாதையில் அனுப்பிவிடுவது.

"கொஞ்சத் தூரம் போனாப் பாதை செத்துப்போகும் அக்கா. அலுத்துப்போய்த் திரும்பிடுவாங்க. இவரும் திரும்பி வேற பக்கத்தால போயிருப்பார் எண்டு நினைச்சன்."

"இவர் திரும்புற சாதி இல்லை" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. முப்பது வருடமாக அந்தப் பிடிவாதத்தோடு குடும்பம் நடத்துகிறவள் நான். அதோடு, வாயைத் திறந்து வழி கேள் என்று அனுப்பியதும் நான்தான். கருவியை மட்டும் நம்பியிருந்தால் மனிதர் நேரே இந்தத் தோட்டத்துக்குள்ளால் நடந்து குளத்துக்குப் போயிருப்பார்.

பாக்கியம் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அவருடைய கணவர் முத்தையா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். லாண்ட்மாஸ்டரை, அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, கைபிடி போட்டுச் சுற்றி இயக்கினார். பின்னால் பெட்டி பூட்டியிருந்தது.

"கெதியா ஏறுங்கோ அக்கா. இது பாலை மரம் பழுக்கிற காலம். பழம் தின்னக் கரடி நிக்கும்" என்றார்.

கரடியைப் பற்றி அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் பாக்கியமும் நின்றோம். அந்த வாகனத்தில் உட்காருவதைவிட நிற்பது நல்லது என்பது பயணிகளுக்கு என் அனுபவக் குறிப்பு. காட்டு வாசலில் முத்தையா இயந்திரத்தை நிறுத்தி இறங்கினார். பக்கத்துச் செடியில் ஒரு குழையை முறித்து, அங்கே நின்ற பெரிய மரக் கவட்டில் வைத்துக் கும்பிட்டார். ஏற்கனவே வாடிய குழைகள் நிறைய அதில் கிடந்தன. ஐயனாருக்குச் சொல்லாமல் காட்டுக்குள் போவதில்லை என்றார். நானும் ஒரு குழை முறித்து வைத்தேன். அந்த நேரம் யார் கேட்டாலும் எதை வேண்டுமானாலும் முறித்து வைத்திருப்பேன்.

"காட்டுக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது அக்கா. கூ எண்டுதான் கூப்பிடவேணும்" என்றார் முத்தையா.

எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமே கிடையாது.

விறகுப் பாதை பாக்கியம் சொன்னதுபோலக் கொஞ்சத் தூரத்தில் செத்துப்போனது. வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். பாலையும் வீரையும் முதிரையுமாக மரங்கள் நெருங்கி நின்றன. நடுப்பகல் வெயில் மேலேயே தங்கிவிட, கீழே மங்கலாக இருந்தது. நிலமெல்லாம் மஞ்சள் பாலைப்பழம் கொட்டிக் கிடந்தது. முத்தையா வாயில் இரண்டு கையையும் குவித்து "கூஊ" என்றார். பாக்கியமும் "கூஊ" என்றார். காடு அந்தச் சத்தத்தை வாங்கி வைத்துக்கொண்டது. பதிலில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனோம். ஒரு பாலை மரத்தின் பட்டையில் நீட்டு நீட்டாக நகம் கீறிய அடையாளம். முத்தையா அதைத் தொட்டுப் பார்த்தார். பால் இன்னும் காயவில்லை. அவர் எங்களைப் பார்க்காமல் இடுப்பில் செருகியிருந்த கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

திரும்பவும் "கூஊ." திரும்பவும் ஒன்றுமில்லை.

சீனி இறங்கினால் மனிதருக்கு முதலில் வியர்க்கும், பிறகு கண் மங்கும், பிறகு எங்காவது சாய்வார். சாய்ந்தால் பதில் சொல்லமாட்டார். எனக்கு அந்தப் படம் முழுவதும் கண்ணுக்குள் வந்து நின்றது. இனி இந்தக் கூவில் பிரயோசனமில்லை என்று தோன்றியது. தொண்டையில் இருந்த பலமெல்லாம் சேர்த்து, குசினியில் இருந்துகொண்டு கேற்றடியில் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன்.

முத்தையா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டது தன்னை என்று நினைத்தாராம்.

எங்களுக்குப் பின்னால், நாங்கள் சற்றுமுன் கடந்துவந்த ஒரு வீரை மரத்தின் மறைவிலிருந்து, "ஏனப்பா கத்திறீர்? இஞ்சதானே நிக்கிறன்" என்று ஒரு குரல் வந்தது.

தொப்பியைக் கழற்றிக் கூடையாக ஏந்திக்கொண்டு வந்தார். தொப்பி நிறையப் பாலைப்பழம். மற்றக் கையில் கருவி. சேட்டெல்லாம் முள் கீறல். பாலைப்பழத்தின் பால் ஒட்டி இரண்டு உதடும் சரியாகத் திறக்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரோடு கோபமும் சேர்ந்து வந்தது. அவர் தோளில் இரண்டு அடி போட்டேன். அடித்த கையாலேயே அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்நியர் முன்னால் அப்படி நடந்ததை நினைத்து இன்றுவரை எனக்கு வெட்கம் வரவில்லை.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடுறம், வாயைத் திறந்து ஓம் எண்டு சொல்ல ஏலாதே?"

"அது என்னையே? ஆரோ யானை கலைக்கினம் எண்டு நினைச்சன். யானை கலைக்கிற இடத்தில மரத்துக்குப் பின்னால சத்தம் போடாமல் நிக்கவேணும் எண்டு வாசிச்சிருக்கிறன்."

முத்தையா சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் நிலத்தில் குந்திவிட்டார். பாக்கியம் சிரிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

இவர் வண்டிப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து புட்டுச் சாப்பிட்டார். ஆறிப்போன புட்டை அப்படி ருசித்துச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. பாதை இல்லாமல் போனதும், அம்புக்குறி குளத்தைக் காட்டுகிறதே என்று பற்றைக்குள்ளால் நுழைந்திருக்கிறார். முள்ளுக்கு விலகி விலகி, குளம் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாகப் போய்விட்டது. கை நடுங்கத் தொடங்கியபோது சீனி இறங்குகிறது என்று விளங்கியது. நிலத்தில் கிடந்த பாலைப்பழத்தை ஊதி ஊதித் தின்றார். பத்து நிமிடம் இருந்தார். பிறகு ஆசையை விட்டுவிட்டு, கருவியில் 'வந்த வழியே திரும்பு' என்ற பொத்தானை அமத்தினார்.

அந்தப் பொத்தானைப் பற்றி நான் இனிக் குறை சொல்லமாட்டேன். அது அவரை நாங்கள் கூவிய இடம்வரை ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. மர நிழலில் சட்டலைட் தடுமாறி, கோடு இடைக்கிடை பத்துப் பதினைந்து அடி தள்ளிக் குதித்ததாம். அதோடு, முன்பு ஒரு புற்றைச் சுற்றி இரண்டு தரம் வந்தவரை, திரும்பும்போதும் அதே புற்றைச் சுற்றி இரண்டு தரம் நடக்க வைத்தது. "சொல்வழி கேட்டால் முழுசாக் கேக்கவேணும்" என்றார் இவர். நாங்கள் வராவிட்டாலும் இன்னும் கால் மணித்தியாலத்தில் தானே வெளியே வந்திருப்பாராம். இதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி தந்தார், என் குதிக்காலுக்கு மஞ்சள் அரைத்துப் பூசினார். பிறகு இவருக்கு முன்னால் வந்து நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அண்ணை, நான் வேணுமெண்டுதான் உங்களைப் பிழையான பாதையில விட்டனான். உங்களுக்கு ஏதாவது நடந்திருந்தா நான் என்ன செய்திருப்பன்."

கல்லுக் கதையையும் சொன்னார். இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள எங்கட காணி விழுந்திருக்கா?" என்று பாக்கியம் கருவியைக் காட்டிக் கேட்டார்.

இவர் திரையை அவர் பக்கம் திருப்பினார். வாய்க்கால் றோட்டில் இருந்து வந்து, கச்சான் தோட்ட ஓரத்தால் போய், காட்டுக்குள் கிறுக்கி வைத்த மெல்லிய கோடு ஒன்று. "ஒண்டும் இல்லைப் பிள்ளை. நான் நடந்த கோடு மட்டும்தான்."

"அவங்களும் அப்பிடித்தான் சொன்னாங்க அண்ணை."

சூடு கண்ட பூனை. கிளாலி, பூநகரி, கொக்கிளாய் என்று நாங்கள் நடந்த ஒவ்வொரு நடையையும் கருவியில் சேமித்து வைத்து, இரவில் எடுத்து எடுத்துப் பார்க்கிற மனிதர் இவர். என்னைக் கேட்கவில்லை. கருவியைப் பாக்கியத்தின் கையிலேயே கொடுத்தார்.

"இந்தப் பொத்தானை அமத்துங்கோ. அழிக்கவோ எண்டு கேக்கும். திரும்ப ஒருக்கால் அமத்துங்கோ."

பாக்கியம் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அமத்தினார். கோடு போய்விட்டது.

"வேற எங்கயும் நிக்காதா?"

"நிக்காது."

அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. காட்டுக்குள் நான் விட்ட மூச்சும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"சரி, வாங்க. குளத்தைப் பாக்கத்தானே வந்தீங்க" என்று பாக்கியம் எழும்பினார். கச்சான் வரிசைகளுக்கு நடுவால், மஞ்சள் நிறம் அடித்த எல்லைக் கல்லைத் தாண்டி, எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கல்லைத் தாண்டும்போது அதை மிதிக்கவுமில்லை, பார்க்கவுமில்லை. ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, குளம் வந்துவிட்டது. தாமரை இலை, இரண்டு கொக்கு, எதிர்க்கரையில் எருமைகள். இவர் பழக்கத்தில் கருவியின் மேல் பொத்தானில் விரலை வைத்தார். பிறகு அணைத்து என் பைக்குள், புட்டு சுற்றிய வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நாங்கள் நாலு பேரும் குளக்கட்டில் உட்கார்ந்து பாலைப்பழம் தின்றோம். நாலு பேருக்கும் உதடு ஒட்டிக்கொண்டதால் கதை அதிகம் இருக்கவில்லை.

மாலை நாலரைக்கு முத்தையா லாண்ட்மாஸ்டரில் எங்களை ஸ்கந்தபுரத்தில் இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை. ஒரு சொப்பிங் பை நிறையப் பச்சைக் கச்சான் தந்தார். கிளிநொச்சியில் யாழ்ப்பாண பஸ்ஸில் யன்னல் ஓரமாக இருக்கை கிடைத்தது.

கோண்டாவிலில் எங்கள் வளவுக்கு நாலு பக்கமும் மதில். காணி உறுதிப் பத்திரம் அலுமாரியில் இருக்கிறது. நாளைக்குக் கருவியோடு யாராவது கேற்றைத் தட்டினால், என்ன ஏது என்று விசாரித்து, தேத்தண்ணி கொடுத்து, அளந்துகொண்டு போ என்று விட்டுவிடுவோம். எனக்கு வந்த பயம் ஒரு மத்தியானத்தில் வந்து, ஒரு மத்தியானத்தில் தீர்ந்தது. தீர்த்த மனிதர் பக்கத்தில் இருந்தார். பாக்கியத்தின் பயம் அப்படியானதல்ல. நாங்கள் அழித்தது எங்கள் கோட்டைத்தான்; மற்றக் கோடு எங்கேயோ ஒரு கந்தோரில் இருக்கிறது. இதையெல்லாம் நினைத்தாலும், பொய் சொல்லக்கூடாது, அந்த பஸ்ஸில் எனக்கு இருந்தது பெரிய ஆறுதல்தான். சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

பரந்தன் தாண்டியதும் இவர் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். ஆனையிறவில் உப்புக்காற்று அடித்தது. இவர் அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு தட்டி எழுப்பினேன்.

"என்னப்பா, இடம் வந்திட்டுதே?"

"இல்லை. படுங்கோ" என்றேன்.